'எம்'ன்னா என்னப்பா?

கடந்த ஆண்டு ஜூலையில் ஒரு கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சிக்குப் போயிருந்தோம். போதைப் பழக்கம் பற்றிப் பேசத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் பேசிய பயிற்சியாளர், அரங்கைக் கலகலப்பாக்க ஒரு விளையாட்டு வைத்தார். ஒவ்வொருவரும் எழுந்து தன் பெயர், அந்தப் பெயருக்கு அர்த்தம், இனிஷியலின் விரிவு மூன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் உற்சாகமாகத்தான் சொன்னார்கள். ஒரு பெயருக்கு மகிழ்ச்சி, ஒன்றுக்குச் சூரியன், ஒன்றுக்கு வெற்றி, இன்னொன்றுக்கும் வெற்றி.

மூன்றாவது வரிசையில் ஒரு மாணவர் எழுந்தார். 'ஷ்' என்று முடிகிற இந்தக் காலத்துப் பெயர். கூகுளில் பார்த்து வைத்திருந்த அர்த்தத்தையும் சொன்னார். "சரி, 'எம்'ன்னா என்னப்பா?" என்றார் பயிற்சியாளர். இரண்டு நொடி அமைதி. "முருகன் சார்." உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் வந்தார். "அக்கா, பொய் சொல்லிட்டேன். எங்க அப்பா பேரு முருகன் இல்ல. மண்ணாங்கட்டி." சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். அவர் கேட்க வந்த கேள்வி வேறு. "கெஜட்ல அப்பா பேர மாத்த முடியுமா? பாஸ்போர்ட் எடுக்கணும். எங்க மாமா பையன் சிங்கப்பூர்ல வேல பாக்குறான். அங்க எல்லாரும் அவன அவங்க அப்பா பேரச் சொல்லித்தான் கூப்புடுறாங்களாம்."

உண்மைதான். தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துத்தான். சாதிப் பட்டத்தை உதறிய சமூகம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. வட இந்தியாவில் இன்றுவரை நடக்காத காரியம் அது. ஆனால் பாஸ்போர்ட் படிவம் செங்கல்பட்டுத் தீர்மானத்தைப் படித்ததில்லை. அதில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, நம் பிள்ளைகள் அதில் அப்பா பெயரை எழுதுகிறார்கள், விமானம் ஏறி இறங்கியதும் அந்தப் பெயராகவே ஆகிவிடுகிறார்கள். பட்டத்தை விட்ட பிறகு சாதியைத் தோண்ட விரும்புகிறவர்களுக்கு மிஞ்சிய ஒரே எழுத்தும் அந்த இனிஷியல்தான். பையன் பெயரில் ஒன்றும் தெரியாது. அப்பா பெயரில் தெரியும், இல்லாவிட்டால் தாத்தா பெயரில் தெரியும். நேர்முகத் தேர்வில், வாடகைக்கு வீடு பார்க்கையில், காதலிக்கும் பெண்ணின் வீட்டில் எல்லாம் அந்தக் கேள்வி எவ்வளவு கனிவாக வருகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அந்த மாணவர் தன் அப்பாவை மறுத்த அந்த இரண்டு நொடிக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் இங்கே பேசப்போகிறோம். பயிற்சியாளரை மட்டும் குற்றம் சொல்லப்போவதில்லை. அவர் கெட்டவர் அல்ல. பெயர் என்றால் அர்த்தம் என்று நம்புகிறவர். பிரச்சினை அந்த நம்பிக்கையில் இருக்கிறது.

பெயரின் அர்த்தத்தைச் சொல்லும் புத்தகங்கள் பேருந்து நிலையக் கடைகளில் இன்னும் விற்கின்றன, இப்போது செயலிகளும் வந்துவிட்டன. அவற்றில் 'மண்ணாங்கட்டி' இருக்காது, 'குப்பன்', 'மூக்கன்', 'பிச்சை', 'அமாவாசை' இருக்காது. இவற்றுக்கு அர்த்தம் இல்லாமலா? அர்த்தம் எல்லாருக்கும் தெரிந்ததால்தான் இல்லை. இந்தப் பெயர்களைப் பற்றி நம் தோழர்களிடமும் பரவலாக ஒரு கருத்து உண்டு: இவை ஆதிக்கச் சாதியார் நம்மை இழிவுபடுத்த வைத்த பெயர்கள். மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். அது பாதிதான் சரி. மீதிப் பாதி முக்கியமானது என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் இன்னொன்று பிறந்தால் அதைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். மூக்கைக் குத்தி மூக்கன், மூக்கம்மாள். தவிட்டுக்கு விற்றதாகப் பேர் பண்ணித் திரும்ப வாங்கினால் தவிடன். சாவு வந்து எட்டிப் பார்த்தால், 'இது வெறும் குப்பை, வெறும் மண்ணாங்கட்டி, இதை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறாய்' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற தந்திரம் அது. நம் ஊர்க் கண்டுபிடிப்பு மட்டுமல்ல. நைஜீரியாவின் யொருபா மக்கள், திரும்பத் திரும்பப் பிறந்து இறக்கும் குழந்தையை 'அபிகு' என்பார்கள். அந்தக் குழந்தைக்கு வைக்கும் பெயர்களே தாயின் மன்றாடல்கள்: 'மலோமோ' என்றால் இனிப் போகாதே, 'துரோஜயே' என்றால் இருந்து வாழ்க்கையை அனுபவி, 'கோகுமோ' என்றால் இனிச் சாகாது. சீனக் கிராமங்களில் ஆண் குழந்தைக்கு 'கோவ்தான்' என்று செல்லப்பெயர் வைப்பார்கள், நாய் முட்டை என்று பொருள். 'கோவ்ஷெங்' என்றால் நாய் தின்று மீந்தது. எங்கெல்லாம் குழந்தைகள் அதிகம் செத்தனவோ, அங்கெல்லாம் தாய்மார் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் மண்ணில் இது தலித் வீடுகளில் மட்டும் நடந்ததும் இல்லை. சென்னை மயிலாப்பூரில் குப்புசாமி சாஸ்திரி பெயரில் ஒரு சமஸ்கிருத ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பெரிய அறிஞர். அதே குப்புதான். கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சை. அதே பிச்சைதான். உலகின் பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவர் பெயரில் 'பிச்சை' இருப்பதைப் பார்த்து எந்த வகுப்பறையும் சிரித்ததில்லை. ஆனால் நம் வீட்டுப் பிச்சை ஒருவர் வங்கிக் கிளையில் வரிசையில் நின்று பெயரைச் சொல்லும்போது எழுத்தர் நிமிர்ந்து பார்க்கிறாரே, அந்தப் பார்வைக்கு அகராதியில் பொருள் கிடைக்காது.

சொல் ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான். மாறுவது அந்தப் பெயருக்குப் பின்னால் வருவதும், அதை அழைக்கிறவரின் வாயும். குப்புசாமி சாஸ்திரிக்குச் 'சாமி' இருந்தது. நம் தாத்தாக்களுக்கு 'ன்' மட்டும்தான். எங்கள் களப்பணியில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் பெயர் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒரே கதையை வெவ்வேறு ஊர்களில் கேட்கிறோம். வீட்டில் வைத்தது கருப்பசாமி, பள்ளிக்கூடத்தில் எழுதியது கருப்பன். வீட்டில் முனுசாமி, கணக்குப்பிள்ளை எழுதியது முனியன். "சேரிப் பயலுக்குச் சாமி எதுக்கு" என்ற ஒரு வரி எல்லாக் கதையிலும் வருகிறது. அப்பா கொடுத்த பெயரை ஒரு பேனா வெட்டியது. வெட்டியவருக்குக் கருப்பசாமி என்ற பெயரின் அர்த்தத்தோடு எந்தச் சண்டையும் இல்லை. தன் வாயால் இவனைச் 'சாமி' என்று கூப்பிட வேண்டிவருமே என்பதுதான் சண்டை.

இதற்குச் சட்டம் எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம், 31ஆம் சுலோகம்: பிராமணன் பெயர் மங்கலத்தையும், சத்திரியன் பெயர் வலிமையையும், வைசியன் பெயர் செல்வத்தையும், சூத்திரன் பெயர் இகழ்ச்சியையும் குறிக்க வேண்டும். அடுத்த சுலோகம் பெயரின் பின்பாதியையும் பங்கு போடுகிறது. சூத்திரனுக்கு அதிலும் ஏவல்தான். வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு இந்தப் பட்டியலில் இகழ்ச்சிப் பெயர்கூட ஒதுக்கப்படவில்லை. திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் இது இன்னும் ஆழமாகப் போனது. புலையர் தன்னை 'நான்' என்று சொல்லிக்கொள்ள முடியாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தான் சாப்பிடும் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது, 'கரிக்காடி' என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தவர் நம்மை என்னவென்று கூப்பிடுவது என்பதோடு நிற்காமல், நம் வாயால் நம்மை நாமே என்னவென்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதுவரை எழுதி வைத்தார்கள்.

'சரி, நல்ல பெயராக வைத்துக்கொள்ளுங்களேன், யார் தடுத்தது?' என்று கேட்கும் நண்பர்கள் வருவார்கள். வைத்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 2018 மே மாதம் குஜராத்தின் தோல்காவில் ஒரு தலித் இளைஞர் முகநூலில் தன் பெயரோடு 'சிங்' என்று சேர்த்துக்கொண்டார். சமஸ்கிருதச் சிம்மத்திலிருந்து வந்த சொல், சிங்கம் என்று பொருள். அழகான அர்த்தம்தானே? அதற்காகத் தாக்கினார்கள். அது ராஜபுத்திரரின் சொத்தாம். மாரி செல்வராஜின் 'கர்ணன்' படத்தில் கிராமத்துப் பெரியவர்களின் இதிகாசப் பெயர்களைக் கேட்டு ஒரு காவல் அதிகாரிக்கு ஏறுகிற எரிச்சலை நினைத்துப் பாருங்கள். அந்த அதிகாரியின் பெயர் கண்ணபிரான். தாழ்ந்த பெயர் வைத்தால் சிரிப்பு, உயர்ந்த பெயர் வைத்தால் அடி. இரண்டிலும் பெயரின் அர்த்தம் யாருக்கும் பொருட்டல்ல.

சீக்கியர்கள் இதைத் தீர்க்க நினைத்தார்கள். 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவியபோது ஆண்கள் எல்லாருக்கும் சிங், பிறகு பெண்கள் எல்லாருக்கும் கவுர். ஒரே பெயர், ஒரே பொருள். நாம் மதிக்க வேண்டிய முயற்சி. ஆனாலும் பஞ்சாபில் மஸ்பி சீக்கியர்களுக்குத் தனிக் குருத்வாராவும் தனிச் சுடுகாடும் இருக்கின்றன.

ஜெர்மனியில் 1938 ஆகஸ்டில் நாஜி அரசு ஒரு ஆணை போட்டது. யூதர் என்று பெயரிலேயே தெரியாத ஆண்கள் எல்லாரும் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 1939 ஜனவரி 1 முதல் கட்டாயம். சாரா என்றால் எபிரேய மொழியில் இளவரசி. அரசே முன்வந்து ஒரு சமூகத்துப் பெண்கள் அனைவருக்கும் இளவரசி என்று பெயர் சூட்டியது, கொல்வதற்கு வசதியாக. பெயரின் பொருளைப் பற்றி நமக்கு வகுப்பெடுக்க வருகிறவர்கள் இந்த ஓர் ஆணையை முதலில் விளக்கட்டும்.

ஜப்பான் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தோல் பதனிடுதல், பிணம் புதைத்தல் போன்ற வேலைகளுக்குத் தள்ளப்பட்ட புராக்கு மக்கள் இருக்கிறார்கள். பௌத்த வழக்கப்படி, இறந்தவருக்குக் கோயில் குரு ஒரு புதுப் பெயர் சூட்டுவார், அது கல்லறையில் பொறிக்கப்படும். புராக்கு மக்களுக்கு அப்படிச் சூட்டிய பெயர்களில் 'விலங்கு', 'தோல்' என்று பொருள்படும் எழுத்துகளைக் குருமார் ரகசியமாகச் சேர்த்திருக்கிறார்கள். சில கல்லறைகளில் 'செந்தரா' என்ற சொல்லும் இருக்கிறது. அது ஜப்பானியச் சொல் அல்ல. சமஸ்கிருதச் 'சண்டாளன்' சீனம் வழியாகப் பௌத்த நூல்களோடு கடல் தாண்டிப் போய், செத்தவர் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது. புத்தரின் பெயரால் போன கப்பலில் மனு ஒரு மூட்டையை ஏற்றி அனுப்பியிருக்கிறார். 1979இல் அமெரிக்காவில் நடந்த ஓர் உலக சமய மாநாட்டில் சோட்டோ ஜென் பிரிவின் தலைவர் ஒருவர் ஜப்பானில் இப்படிப் பாகுபாடே இல்லை என்று பேசினார். புராக்கு விடுதலை இயக்கம் விடவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பிரிவு தன் கோயில் பதிவேடுகளையும் கல்லறைகளையும் சோதித்து, அந்தப் பெயர்களை மாற்றும் வேலையில் இறங்கியது.

அதே ஜப்பானில் 1975இல் இன்னொன்று அம்பலமானது. புராக்கு மக்கள் வாழும் ஊர்களின் பெயர்ப் பட்டியலைத் தொகுத்து ரகசியமாக விற்றிருக்கிறார்கள். நிறுவனங்கள் அதை வாங்கி, வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் முகவரியோடு ஒப்பிட்டுக் கழித்துக் கட்டியிருக்கின்றன. நமக்குப் பட்டியல் தேவைப்படுவதில்லை. 'சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?' போதும். 'காலனி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இலத்தீனில் உழவர் குடியேற்றம் என்று பொருள். சென்னையில் 'பேங்க் காலனி' என்றால் வாடகை கூடும். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் 'காலனி' என்றால் தண்ணீர் லாரி வராது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். புதுப் பெயர்ப் பலகைக்கு அந்தப் பக்கம் சாக்கடை கட்டிக்கொடுத்தால் இன்னும் வரவேற்போம்.

இப்போது நம் வரலாற்றுக்கு வருவோம், ஏனென்றால் பெயரோடு சண்டை போடுவது நமக்குப் புதிதல்ல. 1845இல் பிறந்த காத்தவராயன் தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். கற்பித்தவருக்குச் செய்த நன்றி அது. இரட்டைமலை சீனிவாசன் நேர் எதிராகப் போனார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அதையே எடுத்து 1893இல் 'பறையன்' என்று பத்திரிகை தொடங்கினார். எம்.சி. ராஜா மூன்றாவது வழியில் போனார். 1922இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அரசுப் பதிவுகளில் பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதில் ஆதி திராவிடர் என்று எழுத வைத்தார். மூன்றும் வெவ்வேறு முடிவுகள், ஒன்றையொன்று வெட்டுகிற முடிவுகள்கூட. இவற்றில் எது சரி என்று தேர்வுத்தாளில் கேட்பார்கள். நமக்கு மூன்றும் வேண்டும். மூன்றிலும் பெயரைத் தீர்மானித்தது நாம்.

நம் காலத்திலும் நடந்தது. 'தொல். திருமாவளவன்' என்பதில் உள்ள அந்தத் 'தொல்.' எங்கிருந்து வந்தது என்று இளம் தோழர்கள் பலருக்குத் தெரியவில்லை. அவருடைய தந்தையின் பெயர் ராமசாமி. மகன் தந்தைக்குத் தொல்காப்பியன் என்று பெயர் சூட்டினார், அதிலிருந்து வந்த இனிஷியல். விடுதலைச் சிறுத்தைகள் ஆயிரக்கணக்கானோருக்குத் தமிழ்ப் பெயர் சூட்டிய இயக்கத்தின் பகுதி அது. அதில் எங்களுக்குப் பிடித்தது, ஒளித்துச் செய்யவில்லை என்பது. பழைய பெயரையும் சொல்லி, மாற்றுகிற காரணத்தையும் சொல்லி, ஊரறியச் செய்தார்கள். பிடிக்காத ஒன்றும் உண்டு, சொல்லிவிடுகிறோம்: அதற்குப் பிறகு வந்த சில தோழர்களிடம், தூய தமிழ்ப் பெயர் வைத்தவர் விழிப்புணர்வு பெற்றவர், 'மூக்கன்' என்று வைத்துக்கொண்டிருப்பவர் இன்னும் எழாதவர் என்ற ஒரு பார்வை வளர்ந்தது. இனியனுக்கும் எழிலனுக்கும் அப்பாதானே மூக்கன்? பயிற்சியாளர் கேட்ட கேள்வியை நாமே கேட்கத் தொடங்கினால் எப்படி?

கிறிஸ்தவம் போனவர்களுக்கு வேறொரு சிக்கல். பெயர்களைப் பார்த்தால் அழகாக இருக்கும். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர், பழைய கத்தோலிக்கத் தமிழில் அவர் 'சின்னப்பர்' ஆனார். யோவான் என்றால் எபிரேயத்தில் கடவுளின் அருள், 'அருளப்பர்' ஆனார். நம் சேரிகளில் இருக்கும் சவேரிமுத்துகளின் பெயருக்கு வேர் ஸ்பெயினின் பாஸ்க் மொழியில் 'புது வீடு'. தொகுப்பு வீட்டுக்கு மனுக் கொடுத்துப் பத்து வருடமாகக் காத்திருக்கும் ஒரு சவேரிமுத்துவிடம் இதைச் சொன்னோம், விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்றால் இந்து என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். அதனால் நம் வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, மாதா கோயிலுக்கு ஒன்று. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி பிரித்து வைத்திருக்கிறார்கள், அங்கே எந்தப் பெயரும் காப்பாற்றவில்லை. சான்றிதழுக்குப் போனால் மட்டும், பெயரைப் பார்த்து 'நீ மதம் மாறியவனா?' என்று விசாரணை. பறையன் என்று புதைக்கிற ஊரில், பறையன் இல்லை என்று எழுதித் தருகிறது அரசாங்கம்.

நம் பெற்றோர் வைத்த பெயர்கள் எல்லாமே அன்பில் வந்தவை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்ற பெயர்களுக்குச் சாவை ஏமாற்றும் தந்திரம் காரணம் அல்ல. நான்காவதாகவும் பெண் பிறந்த எரிச்சல்தான் காரணம். அதை ஆதிக்கச் சாதியார் எழுதவில்லை, நம் வீட்டுத் திண்ணையில் நாமே வைத்தோம். மகாராஷ்டிரத்தின் சதாராவில் 'நகுசா', அதாவது வேண்டாதவள் என்று பெயரிடப்பட்ட 280க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் பெயர் மாற்றும் விழா நடத்தியது. வேண்டாம் என்று பெயர் வாங்கிய ஒரு பெண், தனக்குத் தானே ஒரு பெயரைப் பிடித்துக்கொள்வதைவிட நியாயமான அரசு நிகழ்ச்சியை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அவள் விருப்பம்தான் அளவுகோல். அங்கே அது மாற்றச் சொன்னது. இன்னோரிடத்தில் வைத்திருக்கச் சொல்லலாம்.

பெயர் நம் வீட்டில் வெறும் மான அவமானப் பிரச்சினை மட்டும் இல்லை, வயிற்றுப் பிரச்சினையும் கூட. எங்கள் பகுதியில் ஓர் ஆயாவுக்கு முதியோர் ஓய்வூதியம் பதினோரு மாதம் நின்றுபோனது. குடும்ப அட்டையில் 'குப்பு', வாக்காளர் அட்டையில் 'குப்பம்மாள்', ஆதாரில் 'குப்பாயி'. மூன்று இடத்திலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தனக்குத் தோன்றியதை எழுதியிருக்கிறார். ஆயாவைக் கேட்டு எழுதவில்லை, எழுதியதைப் படித்தும் காட்டவில்லை. ஆயாவின் பெயர் என்ன என்று நாங்கள் கேட்டோம். "குப்பம்மாதான்டி, வேற என்ன" என்றார். அறுபத்தெட்டு வயதில் ஒரு பெண் தான் குப்பம்மாள்தான் என்று நிரூபிக்க நான்கு முறை தாலுகா அலுவலகம் போய் வந்தார், கூலியை விட்டுவிட்டு.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு. வகுப்பிலோ பயிற்சியிலோ இனிஷியலை விரிக்கச் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டுக்குப் பெயர் போதும். நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைக் குறித்து மாணவரை அழைக்கக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. மறைமுகமாக என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லார் முன்னிலும் அப்பா பெயரைத் தோண்டுவது அதற்குள் வரும் என்று வாதாடுங்கள். கல்லூரிகளுக்கும் அதே விதி வேண்டும் என்று கேளுங்கள். பக்கத்துப் பெஞ்சில் யாரேனும் சிரித்தால், பெயருக்குரியவர் பதில் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்கள் முதலில் எழுந்து நில்லுங்கள், குறிப்பாக உங்கள் அப்பா பெயர் ராஜேந்திரனாக இருந்தால்.

2023 ஜூனில் ஓர் உணவு விநியோக நிறுவனம், 'லகான்' படத்தில் தலித் பாத்திரமான கச்ராவாக நடித்தவரை மேசையாகவும் விளக்காகவும் உட்கார வைத்து, குப்பையை மறுசுழற்சி செய்வதைப் பற்றி விளம்பரம் எடுத்தது. கச்ரா என்றால் இந்தியில் குப்பை. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்தியது இணையத்தில் எழுந்து நின்ற சில ஆயிரம் பேர்தான்.

அந்த மாணவரிடம் அன்று நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: கெஜட்டில் மாற்றலாம், அப்பா சம்மதித்து அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், படிவம் நிரப்ப நாங்கள் உதவுகிறோம். அதற்கு முன்னால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று வீட்டில் ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். மாற்றாதே என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. பெருமைப்படு என்று சொல்வது அதைவிடச் சுலபம், ஏனென்றால் சிங்கப்பூரில் அந்தப் பெயரைச் சுமக்கப்போவது நாங்கள் இல்லை.

மூன்று வாரம் கழித்து அழைத்தார். ஆயாவிடம் கேட்டிருக்கிறார். "உங்கப்பனுக்கு முன்னால ரெண்டு போச்சுடா. ரெண்டும் ஆம்பளப் புள்ள. மூணாவது பொறந்தப்ப எங்க மாமியா களத்து மேட்டுல மண்ணு மேல போட்டு எடுத்தா. அப்புறந்தான் தங்குனான்" என்று ஆயா சொன்னாராம். அப்பாவிடம் அந்தக் கல்லூரிச் சம்பவத்தையும் சொல்லிவிட்டாராம், முருகன் என்று சொன்னதையும் சேர்த்து. அப்பா என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

போன மாதம் வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர். கீழே ஒரு கேள்வி: "அக்கா, இங்கிலீஷ்ல ஒரு என்னா, ரெண்டு என்னா?" ரெண்டு என்று பதில் போட்டோம், எதற்கும் அப்பாவின் ஆதாரில் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளச் சொன்னோம். அதில் ஒன்றுதான் இருக்கிறது, கடைசி எழுத்தும் தப்பு. திருத்துவதற்கு அப்பாவும் மகனும் வரும் திங்கட்கிழமை மையத்துக்குப் போகிறார்கள்.